திரும்பி வராத டப்பாக்கள்

ஆகஸ்ட் 20, புதன்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கப்பலின் குளியலறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டு, கரூரில் ஒருவர் வீட்டு வரவேற்பறைக்குக் கலர் சொன்னேன். இங்கே மணி ஆறரை. அங்கே பத்து, கடை திறந்தாயிற்று. கொழுந்தன் மௌலீஸ்வரன் பழைய சுவரிலிருந்து பெயர்த்த சில்லு ஒன்றைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். "அண்ணி, இது க்ரீமுங்களா, ஐவரிங்களா? ஆளு நிக்கறாருங்க."

சில்லை வெள்ளைத்தாள் மேல் வைத்து, வாசல் வெளிச்சத்தில் மறுபடி எடுக்கச் சொன்னேன். க்ரீமும் இல்லை, ஐவரியும் இல்லை. வெள்ளையில் மஞ்சள்காவி, கூடவே ஒரு சொட்டுக் கறுப்பு. அந்த ஒரு சொட்டுதான் அந்த வீட்டின் இருபது வருடச் சமையல் புகை. அதைப் போடாவிட்டால் புதுப் பெயிண்ட் பழைய சுவரின் மேல் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும்.

நாற்பத்தாறு வயதுப் பெண் குளியலறையில் ஒளிந்து போன் பேசினால் ஊர் என்னென்னவோ நினைக்கும். நான் பேசியது மஞ்சள்காவி பற்றி. ஒளியாமல் பேசியிருக்கலாம். ஆனால் அடுத்த அறையில் இருப்பவர் பெயிண்ட் கம்பெனியின் மண்டல மேனேஜர் ஸ்ரீவத்சன். இந்தக் கப்பலின் சுவர்கள் அப்பளம். "நாங்க இல்லைன்னாலும் கடைய மௌலி தனியா ஜம்முன்னு பாத்துக்கறான் சார்" என்று இவர் அவரிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று.

இவர் என்றால் என் கணவர், தண்டபாணி. கடையும் அவர் பெயரில்தான், பரிசும் அவர் பெயரில்தான். கலர் தப்பாகிவிட்டது என்று டப்பா திரும்பி வராத கடைகளைக் கம்பெனி கணக்கெடுத்து, அப்படிப்பட்ட இருபது டீலர்களை மனைவியோடு ஐரோப்பாவில் படகேற்றியிருக்கிறது. என் கழுத்தில் ஓர் அட்டை தொங்குகிறது: திருமதி தண்டபாணி. என் பெயர் கோகிலவாணி, பி.எஸ்ஸி. வேதியியல் என்றெல்லாம் எழுத அட்டையில் இடம் போதாது. நியாயம்தான்.

எல்பே நதி. இருபக்கமும் மலை, திராட்சைத் தோட்டம். எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் இரண்டு ஜோடி சாக்ஸ் துவைத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

செக் நாட்டுக்குள் வந்து, ஒரு பழைய ஊரின் கரையில் கப்பலைக் கட்டியிருக்கிறார்கள். லிதொமியெர்ஷிட்சே என்று ஊர்ப்பெயர். வழிகாட்டிப் பெண் ஹானா ஐந்து தடவை சொல்லிக்கொடுத்தாள். டீலர்கள் "லட்டுமேரி" என்று வைத்துக்கொண்டார்கள்.

நிகழ்ச்சி நிரலில் இரண்டு பிரிவு. ஆண்களுக்கு பீர் ருசிபார்த்தல். பெண்களுக்குத் தேவாலயம். எந்தப் புத்திசாலி பிரித்தாரோ தெரியவில்லை. மேடேறித் தேவாலயம் பார்த்தோம், இன்னொரு தேவாலயம் பார்த்தோம், கூரைமேல் பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்தும் கவிழ்க்காமலும் வைத்ததுபோல் ஒரு வீடு பார்த்தோம். பொள்ளாச்சி டீலரின் மனைவி இந்திராணி அக்கா கல் பாவிய சதுக்கத்தில் செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்கோகிலா, இந்நேரத்துக்கு இவிங்கெல்லாம் எத்தன கிளாஸ் போயிருப்பாங்க?"

"ருசிதானுங்கக்கா பாக்கறாங்க."

"ஆமா, எங்கூட்டுக்காரரு ருசி பாக்கறவரு. பந்தியில வடைய ருசி பாக்கறன்னு ஒம்போது தின்னவரு."

சதுக்கத்தைச் சுற்றிலும் வீடுகள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். பிஸ்தா, வெளிறிய ரோஜா, புளித்த மோர் மாதிரி ஒரு வெள்ளை. ஒரு மஞ்சள் வீட்டில் மட்டும் இடதுபக்கச் சுவரை வேறு கலவையில் அடித்திருக்கிறார்கள். காவி ஒரு பங்கு கூடிவிட்டது. யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் கவனிக்கவில்லை. மூன்று நிமிடம்தான் நின்று பார்த்தேன்.

மாலையில் கேப்டன் கூப்பிட்டுச் சொன்னார்: ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, அடியில் தட்டும், கப்பல் நகராது. டீலர்கள் இடிந்துபோய்விட்டார்கள். நான் அமராவதிக் கரையில் வளர்ந்தவள். ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதை இத்தனை செலவு செய்து இவ்வளவு தூரம் வந்தும் கேட்கலாம் என்று இன்று தெரிந்துகொண்டேன்.

ஒரு செய்தி. மாவட்டத்துக்கு ஒன்றாகக் கம்பெனி கலர் சென்டர் திறக்கப்போகிறது, கரூரிலும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து, மும்பையில் நான்கு மாதம் பயிற்சி கொடுத்து, அவர் கையிலேயே சென்டரை ஒப்படைப்பார்களாம். டீலர்கள் ஆளுக்கொரு பெயரைப் படிவத்தில் எழுதி ஞாயிற்றுக்கிழமைக்குள் தரவேண்டும். கலர் கலக்கும் மிஷினை நம்பாமல் கண்ணால் கலர் சேர்க்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும்.

"நம்ம மௌலி பேரைப் போட்டர்லாம்" என்றார் இவர், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

போடட்டும். எனக்கென்ன.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கப்பல் நகரவில்லை. தேவாலயங்களும் தீர்ந்துவிட்டன. வேறு வழியில்லாமல் பெண்களையும் பீர்க்கடைக்கு அழைத்துப்போனார்கள்.

சதுக்கத்துக்கு அடியில் கல் நிலவறை. ஒருபக்கம் செம்புப் பானைகள், மறுபக்கம் நீள மேஜைகள். முதலாளியே பீர் வடிக்கிறார், முதலாளியே கொண்டுவந்து வைக்கிறார். யாரொஸ்லாவ் என்று பெயர், அறுபது வயதிருக்கும், சிரிப்பே கிடையாது. ஒரு கிளாஸ் வைத்தால் மேஜைமேல் கிடக்கும் சீட்டில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். நேற்று ஆண்களுக்கு எண்ணி நான்கு சின்னக் கிளாஸ்தானாம், இன்று பெரிய கிளாஸ். பெண்களுக்கு ஆப்பிள் சாறும் உருளைக்கிழங்கும்.

கிளாஸ் காலியானதும் யாரும் கேட்காமலே அடுத்தது வந்தது. அதைக் குடித்து முடித்ததும் இன்னொன்று. இவர் "போதுங்க, போதுங்க" என்றார். நம் ஊரில் போதும் என்றால் இன்னும் கொஞ்சம் வற்புறுத்துங்கள் என்று பொருள். யாரொஸ்லாவுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் சரியாகத்தான் புரிந்துகொண்டார். வைத்ததை வீணாக்கினால் அந்த மனிதர் மனம் கோணுமே என்று குடித்தார்கள். குடித்ததும் வந்தது. இந்திராணி அக்காவின் கணவர் பந்தியில் இலையை மடிப்பதுபோல் மேஜையில் கிடந்த துடைக்கும் தாளை நாலாக மடித்துத் தன்பக்கமாக வைத்துப் பார்த்தார். யாரொஸ்லாவ் மரியாதையாக அதை எடுத்துக்கொண்டு புதுத்தாள் வைத்தார், பீரோடு.

மூன்று மணிநேரம் கழித்து ஹானா ஓடிவந்து தலையில் கைவைத்துக்கொண்டாள். கிளாஸுக்கு அடியில் வைக்கிற வட்ட அட்டையை எடுத்துக் கிளாஸின் வாய்மேல் மூடவேண்டுமாம். அதுதான் போதும் என்பதற்கு அடையாளம். அதைச் செய்யாதவரை கொண்டுவந்து வைப்பது கடைக்காரரின் கடமை. இருபது டீலர்களும் அவரவர் அட்டையைக் கர்மசிரத்தையாகக் கிளாஸுக்கு அடியிலேயே வைத்திருந்தார்கள்.

அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. எட்டாவது கோட்டில் இவர் எழுந்து, எதிரே இருந்த ஸ்ரீவத்சன் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

"சார், ஒரு உண்மையச் சொல்லிர்றனுங்க. எங்க கடையில கலரு பாக்கறது நானுமில்ல, மௌலியுமில்ல. இந்தா உக்காந்திருக்கறாளே, இவதான். பதினாறு வருசமா இவதான். நீங்க கடைக்கு வந்தப்ப ரெண்டு தடவையும் காப்பி போட உள்ள அனுப்பிச்சனே, இவளத்தான் சார். ஒரு டப்பா, ஒரே ஒரு டப்பா திரும்பி வந்ததில்ல சார். எனக்குப் பச்சையும் நீலமுமே சாயங்காலமானா ஒண்ணாத் தெரியும்."

அழுதுவிட்டார். ஸ்ரீவத்சன் என்னைப் பார்த்தார். நான் உருளைக்கிழங்கைப் பார்த்தேன்.

"அடேங்கப்பா!" என்று இந்திராணி அக்கா என் தொடையில் அடித்தார். "இத்தன நாளும் எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னயா நீயி?"

எனக்கு ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. நேற்றிரவு தூக்கம் வராத மாதிரி இன்றும் வராது என்று நினைக்கிறேன். இந்தக் கப்பலின் மெத்தை சரியில்லை.

இன்னும் ஒன்று. திரும்பும்போது மேட்டிலிருந்து ஆறு தெரிந்தது. இறங்கிய தண்ணீர் கரைக் கல்லில் வரிவரியாகக் கோடு விட்டிருந்தது. ஈரமான சாம்பல், காய்ந்த சாம்பல், அதற்குமேல் பச்சை. அழகாகத்தான் இருந்தது. மும்பையிலும் கடலோரத்தில் இப்படிக் கோடுகள் இருக்கும். பொது அறிவுக்காக எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 23, சனி காலை

சிற்றுண்டி மேஜையில், என் முன்னாலேயே:

"சார், நேத்து கொஞ்சம் எச்சாயிருச்சுங்க. வீட்டுல சந்தோசப்படட்டுமேன்னு சும்மா அடிச்சு உட்டனுங்க."

"அதானே பார்த்தேன்" என்றார் ஸ்ரீவத்சன்.

ரொட்டி நன்றாக இருந்தது.

சனி, மதியத்துக்குமேல்

அறைக்குத் திரும்பியதும் கேட்டேன். கேட்கவேண்டாம் என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங்க, நேத்து சொன்னது உண்மைங்களா, இன்னிக்குச் சொன்னதுங்களா?"

கட்டிலில் உட்கார்ந்தார். தலைவலி. அவரைத் திட்டி எழுதினால் முழுப்பொய்யாகிவிடும். நல்ல மனிதர்தான்.

"பேரு யாருதா இருந்தா என்ன கோகிலா? எல்லாம் நம்மளதுதான? மௌலி டைல்ஸ் வெச்சான், போச்சு. மெஸ் வெச்சான், அதும் போச்சு. நாப்பத்தொண்ணு ஆச்சு. அவனுக்குன்னு ஒரு எடம் வேணுமில்ல? பேரு அவன்பேருல இருக்கட்டும். கலரு பூராவும் நீதான பாக்கப்போற."

"நான் மும்பை போனா என்னங்க?"

"நீ நாலு மாசம் அங்க போயி உக்காந்துட்டா கடையில கலர யாரு பாக்கறது?"

"மௌலி தனியா ஜம்முன்னு பாத்துக்கறான்னு சாருகிட்டச் சொன்னீங்களே?"

ஜன்னலோரம் காயப்போட்டிருந்த சாக்ஸ் பக்கம் திரும்பினார்.

"சாக்ஸ் காஞ்சிருச்சா?" என்றார்.

காய்ந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

நான்கு மணிக்கு மறுபடியும் பீர்க்கடை. மூன்றாம் நாளும் ஒரே இடத்துக்கு ருசிபார்க்கப் போன சுற்றுலாக்குழு உலகத்திலேயே நாங்கள்தான் என்று நினைக்கிறேன். எல்லாரும் உட்கார்ந்த கையோடு அட்டையை எடுத்துக் கிளாஸ் வருமுன்பே தயாராகப் பிடித்துக்கொண்டார்கள். யாரொஸ்லாவ் முதல்முறையாகச் சிரித்தார்.

இன்று ஒரு போட்டி வைத்தார். ஆறு சின்னக் கிளாஸ்களில் ஆறு பீர். அதில் இரண்டு மட்டும் ஒரே பீப்பாயில் பிடித்தவை. எந்த இரண்டு? டீலர்கள் வாயில் வைத்துக் கொப்பளித்தார்கள், மூக்கை நுழைத்தார்கள், சண்டை போட்டார்கள். ஒருவர்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

"லேடீஸும் ட்ரை பண்ணலாமே" என்றார் ஸ்ரீவத்சன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"இவளுக்கு இதெல்லாம் பழக்கமில்லீங்க சார்" என்றார் இவர், கேட்கும் முன்பே.

"குடிக்க வேண்டாம், சும்மா பாருங்கள்" என்று ஹானா புது கிளாஸ்களை என் முன்னால் நகர்த்தினாள். நிலவறையில் மஞ்சள் விளக்கு. மஞ்சள் விளக்கில் எதையும் பார்க்கக்கூடாது. தட்டோடு எடுத்துப் படியேறி, வாசலையொட்டிய ஜன்னல் திட்டில் வெள்ளைத்தாளை விரித்து ஒவ்வொன்றாக அதன்மேல் வைத்தேன். ஆறும் பார்வைக்கு ஒரே தேன் நிறம்தான். ஆனால் முதலாவதில் சிவப்பு கொஞ்சம் தூக்கல். மூன்றாவது சிவப்பே இல்லாத பழுப்பு. நான்காவது அடியில் பச்சை ஓடியது. ஆறாவது மங்கல். இரண்டும் ஐந்தும் ஒன்று. பார்க்க நான்கு நிமிடம் ஆனது. அந்த நான்கு நிமிடமும் காதில் ஒன்றும் விழவில்லை. கடையில் மிஷின் முன்னால் நிற்கும்போதும் இப்படித்தான் ஆகும். பசிகூடத் தெரியாது.

தட்டைக் கீழே கொண்டுவந்து மேஜையில் வைத்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சுகிற பார்வை. பெண் பார்க்க வந்த அன்றுகூட இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

"தெரியலீங்க" என்றேன்.

இவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. யாரொஸ்லாவ் தட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு இரண்டு கிளாஸ்களைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். இரண்டிலும் ஒரே சாக்பீஸ் குறி. அப்போதுதான் நானும் தட்டைப் பார்த்தேன். நான்கு கிளாஸ்கள் ஆளுக்கொரு மூலையில் இருந்தன. அந்த இரண்டை மட்டும் ஒட்டி வைத்திருந்தேன். வாய் பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது கை அதன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. பதினாறு வருடப் பழக்கம், சேர்வதைச் சேர்த்து வைத்துவிடும்.

"வாழ்த்துகள் மேடம்" என்றார் ஸ்ரீவத்சன். "தெரியாமலே கண்டுபிடிச்சிட்டீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இவர் எல்லாரையும்விடச் சத்தமாக.

யாரொஸ்லாவ் மட்டும் என்னிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். ஹானா மொழிபெயர்த்தாள்: "புதிய பீப்பாய் திறக்கும்போதெல்லாம் அவரும் இதே ஜன்னலுக்குத்தான் கொண்டுபோவாராம். நீங்கள் எந்த பீர் ஆலையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்கிறார்."

"வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றேன். அவர் நம்பவில்லை. நான் வேலை செய்கிறவள் என்று அவருக்காவது தோன்றியதே.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கப்பல் இன்னும் அதே இடத்தில். நாளை பேருந்தில் பிராக், அங்கிருந்து விமானம். ஆற்றுப்பயணம் என்று வந்து, ஆற்றைக் கரையிலிருந்து பார்த்துவிட்டுப் போகிறோம்.

காலையில் மௌலி மூன்று படம் அனுப்பியிருந்தான். ஆவணி முகூர்த்தம், கடையில் கூட்டமாம். மூன்றுக்கும் குளியலறையிலிருந்து பதில் சொன்னேன். "தேங்க்ஸுங்கண்ணி. அண்ணன் சொன்னாங்க, சென்டர் எம்பேருல வருதாமா? ட்ரீட் வெச்சர்றனுங்க" என்றான். கெட்டவன் இல்லை. எது பச்சை எது நீலம் என்பது அந்தக் குடும்பத்து ஆண்களுக்கு வராது, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு இவர் படிவத்தைக் கொண்டுவந்தார். கையெழுத்து மட்டும் போட்டிருந்தார். மற்றதை நான் நிரப்பவேண்டும். எப்போதும் அப்படித்தான்.

"மௌலீஸ்வரன்னு தெளிவா எழுதீரு. அனுபவம் ஒரு பத்து வருசம்னு போடு. உங்கையெழுத்துதான் அச்சாட்டம் இருக்கும்."

எழுதினேன். அச்சாட்டம்தான் எழுதினேன். அடியில் சின்ன எழுத்தில் "மேற்கண்ட விவரங்கள் உண்மையென உறுதி கூறுகிறேன்" என்று இருந்தது. அது இவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்ததால் எனக்கு உறுத்தவில்லை.

"வெள்ளிக்கிழம கோயம்புத்தூர்ல ஒரு டெஸ்ட் வெப்பாங்களாம்" என்றார். "மூணு சில்லு குடுத்து கலர் சேக்கச் சொல்லுவாங்களாம். நீயும் வந்துரு. வெளிய கார்ல உக்காந்துக்க. மௌலி உள்ளருந்து போட்டோ அனுப்பிருவான். நீ பாத்துச் சொல்லீரு."

"செரிங்க" என்றேன்.

இவர் குளிக்கப் போனதும் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன். இவர் எந்தத் தாளையும் திருப்பிப் பார்ப்பவரல்ல. எனக்கு அந்தக் கெட்ட பழக்கம் உண்டு. பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. டீலர் பரிந்துரை இல்லாதவர்களும் நேரடியாக வரலாம். அவர்களுக்கு வேதியியல் பட்டம் வேண்டும். ஐம்பது வயதுக்குள் இருக்கவேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சான்றிதழோடு வந்தால் போதும், முன்பதிவு தேவையில்லை. டீலர் அனுப்பிய ஆளும் நேரடியாக வந்தவரும் ஒரே அறையில் ஒரே தேர்வு எழுதவேண்டும். மாவட்டத்துக்கு ஓர் ஆள்தான். கடைசி வரியையும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பிறகு தாளை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தேன்.

ஸ்ரீவத்சன் மேல்தளத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். இவர் என்னையே கொடுத்துவிட்டு வரச் சொன்னார், ஏனென்றால் தலைவலி. கொடுத்தேன். முன்பக்கத்தைப் படித்தார்.

"கலர் பார்க்கறது இவர்தானா மேடம்?"

"அப்படித்தானுங்க எழுதியிருக்குது."

"எழுத்து உங்களுது."

"ஆமாங்க."

"பின்பக்கம் படிச்சீங்களா?"

"யாருங்க படிக்கறாங்க அதையெல்லாம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். சிரித்தாரா என்று தெரியவில்லை, வெயில் முகத்தில் அடித்தது.

பெட்டி அடுக்கிவிட்டேன். இவருடைய சட்டை ஏழு, காயாத துண்டு ஒன்று, இந்திராணி அக்கா கொடுத்த பிஸ்கட் டப்பா. ஊருக்குப் போனதும் முதல் வேலை இரும்பு பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கும் பட்டச் சான்றிதழை எடுத்துக் கைப்பையில் வைப்பது. வெள்ளிக்கிழமை இவரே என்னைக் கோயம்புத்தூருக்குக் காரில் கூட்டிப்போவார். பஸ் ஏறும் சிரமம்கூட இல்லை. தேர்வில் மௌலி ஜெயித்தால் மௌலி போகட்டும், மனமார வாழ்த்துவேன்.

அந்தக் கடைசி வரி: தேர்வு அறைக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. இதை மௌலிக்குச் சொல்லத்தான் வேண்டும், பாவம். சொல்வேன். உள்ளே போய், அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகு.